போக்ஸ் கம்பி வந்த வழி

ரோடு பைக் வாங்கி இரண்டு வருடம் ஆன நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு சந்தேகத்தோடு வந்தார். சைக்கிளை மாற்ற மனமில்லை, சக்கரங்களை மட்டும் மாற்றலாமா என்று கேட்டார். கைபேசியில் ஒரு ஜோடியின் விவரங்களைக் காட்டினார். ரிம் ஆழம் 45 மி.மீ., உள் அகலம் 23 மி.மீ., சக்கரத்துக்கு 24 போக்ஸ், ஜோடி எடை 1,450 கிராம், டியூப்லெஸ், கொக்கி இல்லாத விளிம்பு, கார்பன். "இதுல நான் எதைப் பார்க்கணும்?" என்றார்.

அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தபோது எனக்கு ஊர்களும் ஆட்களும்தான் ஞாபகம் வந்தார்கள். ஒரு தையல் மிஷின் கம்பெனி, ஒரு கால்நடை மருத்துவர், ஒரு டப்பா பெயிண்ட். இந்த எண்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

போக்ஸ் கம்பியிலிருந்தே தொடங்கலாம். மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள்: நடுவில் குடம், சுற்றி வட்டை, இரண்டுக்கும் நடுவே ஆரக்கால்கள். அங்கே ஆரக்கால் ஒரு தூண். வண்டியின் பாரம் குடத்தில் இறங்கி, அந்த நேரத்தில் கீழே இருக்கும் ஆரக்காலை அழுத்தித் தரைக்குப் போகிறது. அதனால் அது தடித்த கட்டையாகத்தான் இருக்க முடியும். இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியவருக்கு சைக்கிள் என்றால் என்னவென்றே தெரியாது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாழ்ந்த ஜார்ஜ் கெய்லி பறக்கும் எந்திரம் செய்ய ஆசைப்பட்டவர். தரையிறங்கச் சக்கரம் வேண்டும், ஆனால் கட்டைச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு எந்த எந்திரமும் பறக்காது. 1808-இல் தன் குறிப்பேட்டில் கட்டைக்குப் பதிலாக இழுத்துக் கட்டிய கயிறுகளை வரைந்தார். அழுத்தினால் மடங்கிவிடுகிற மெல்லிய பொருள், இழுத்துப் பிடித்தால் பெரும் பாரத்தைத் தாங்கும். ஆக, இன்றைய சைக்கிள் சக்கரத்தின் மூல எண்ணம் விமானத்துக்காகப் பிறந்தது. அப்போது விமானமும் இல்லை, சைக்கிளும் இல்லை.

ஒன்பது வருடம் கழித்து, 1817-இல், ஜெர்மனியின் மான்ஹைமில் கார்ல் டிரைஸ் இரண்டு சக்கர வண்டியைக் காலால் உந்தி ஓட்டிக் காட்டினார். சக்கரம் மட்டும் பழைய கட்டைச் சக்கரம்தான். 1860-களில் பாரிஸில் மிஷோ குடும்பம் பெடல் வைத்து விற்றபோதும் அதே கட்டை, மேலே இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் அதை ஓட்டிய ஆங்கிலேயர்கள் எலும்பைக் குலுக்கும் வண்டி என்றே பெயர் வைத்தார்கள். 1869-இல் பாரிஸில் யூஜீன் மெயர் என்பவர் கம்பியால் இழுத்துக் கட்டிய சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிரான்ஸ்தான் முன்னால் போயிருக்க வேண்டும். ஆனால் சைக்கிளின் தலைநகரம் இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்கு மாறியது. காரணம் ஒரு தையல் மிஷின் கம்பெனி.

அந்தக் கம்பெனியின் பாரிஸ் முகவர் ரௌலி டர்னர், 1868-இன் இறுதியில் ஒரு பெடல் வண்டியை ஊருக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கேட்கிற வேகத்துக்கு பாரிஸில் செய்து முடியவில்லை, நாம் செய்து அனுப்பலாம் என்பது அவர் யோசனை. தையல் மிஷின் வியாபாரம் மந்தமாக இருந்த நேரம். கம்பெனி ஒத்துக்கொண்டது. 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு ஏற்றுமதி நின்றுபோக, உள்ளூரிலேயே விற்கும்படி ஆனது. அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. இளமையில் தோட்டக்காரர். எஜமானியின் தையல் மிஷின் பழுதானபோது பிரித்துச் சரிசெய்யப் போய்த்தான் அவர் வாழ்க்கை திசை மாறியது.

ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் 1870-இல் கம்பிச் சக்கரத்தோடு ஏரியல் என்ற வண்டியை உருவாக்கினார்கள். 1874-இல் ஸ்டார்லி செய்த காரியம் இன்னும் பெரிது. அதுவரை கம்பிகள் ஹப்பிலிருந்து நேராக வெளியே போயின. பெடலை மிதித்தால் ஹப் முறுக்கும், நேர்க்கம்பிக்கு அந்த முறுக்கைக் கடத்தத் தெரியாது. ஸ்டார்லி கம்பிகளைச் சாய்த்து, ஹப்பின் ஓரத்தைத் தொட்டபடி, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும்படி கோத்தார். இன்று உங்கள் பின்சக்கரத்தை உற்றுப் பாருங்கள், கம்பிகள் ஒன்றையொன்று தாண்டிப் போவது தெரியும். 150 வருடமாக அந்தக் கோலத்தை யாரும் மாற்றவில்லை. மாற்றத் தேவையும் வரவில்லை.

அடுத்தது காற்று. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி கல்தெருவில் குலுங்குவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினார். 1888-இல் காப்புரிமை. மறு வருடமே வில்லி ஹியூம் என்ற வீரர் அந்த டயரோடு பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் எல்லாரையும் முந்தினார். பிறகுதான் தெரிந்தது, ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே குதிரை வண்டிகளுக்காக இதே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்று. டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. பெயர் மட்டும் டன்லப்புக்கே நிலைத்தது.

அந்த டயரை ரிம்மோடு ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். பஞ்சரானால் பிரித்து, ஒட்டி, பசை காயும்வரை காத்திருக்க வேண்டும். பிரான்ஸில் எட்வார் மிஷ்லன் கழற்றி மாட்டும் டயரைச் செய்தார். 1891-இல் ஷார்ல் தெரோன் அதைப் பூட்டிக்கொண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் பந்தயத்தில் ஜெயித்தார். அதற்கு முந்தைய வருடம் இங்கிலாந்தில் இரண்டு பேர் சில வார இடைவெளியில் இரண்டு வழிகளைப் பதிவு செய்திருந்தார்கள். டயர் ஓரத்தில் கம்பி வளையம் வைத்து ரிம்முக்குள் உட்கார வைப்பது வெல்ச்சின் வழி. ரிம் விளிம்பை வளைத்து டயரைக் கவ்வ வைப்பது பார்ட்லெட்டின் வழி. இந்த இரண்டையும் மறந்துவிடாதீர்கள், நண்பரின் பட்டியலில் திரும்ப வரும்.

பந்தய வீரர்கள் மட்டும் நெடுநாள் பசையை விடவில்லை, மர ரிம்மையும் விடவில்லை. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு உலோக ரிம் என்றாலே பயம். மலையிறக்கத்தில் பிரேக் பிடித்தால் உலோகம் சூடேறும், பசை உருகும், டயர் கழன்றுவிடும் என்றார். 1934-இல் பிரான்ஸின் மாவிக் கம்பெனி டூராலுமின் என்ற அலுமினியக் கலவையில் ரிம் செய்தது. காப்புரிமை கேட்கப் போனால், மாரியோ லோங்கி என்ற இத்தாலியர் இரண்டு மணி நேரம் முன்னால் அதையே பதிவு செய்திருந்தார்! மாவிக் அவரிடம் உரிமம் வாங்கித்தான் செய்ய வேண்டியிருந்தது. அந்த வருட டூரில் ஆன்தொனேன் மான்யு அந்த ரிம்மோடு ஓட்டினார், மரம் போலத் தெரிய மேலே பெயிண்ட் அடித்துக்கொண்டு. பட்டத்தையும் வென்றார்.

சக்கரத்தைக் கழற்றுவதற்கும் ஒரு கதை உண்டு. 1927 நவம்பரில், இத்தாலியின் குரோச்சே தாவுனே கணவாயில், பனியில் விறைத்த விரல்களால் துல்லியோ கம்பன்யோலோ என்ற பந்தய வீரரால் பின்சக்கரத்தின் நட்டைத் திருக முடியவில்லை. அந்தக் காலத்தில் மேடு வந்தால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால்தான் பெரிய பல்சக்கரம் கிடைக்கும். நெம்புகோலைத் திருப்பினால் சட்டென்று கழலும் அச்சு அந்த அவதியில் உதித்தது என்பது அவர் பெயரிலுள்ள கம்பெனி சொல்லும் வரலாறு. இன்று அந்த இடத்தை மோட்டார் சைக்கிள் பாணியில் ஊடுருவிப் போகும் அச்சு பிடித்துக்கொண்டது.

எடைதான் எல்லாம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில் ஃபிரான்செஸ்கோ மோசர் என்ற வீரர் தட்டுப்போல மூடிய சக்கரங்களோடு ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். எடி மெர்க்ஸின் 49.431 கிலோமீட்டர் அதற்கு முன் பதினோரு வருடத்துக்கு மேல் அசையாமல் நின்ற சாதனை. மோசரின் சக்கரங்கள் கனமானவை, ஆனால் காற்றைக் கிழித்தன. முன்சக்கரத்தையும் மூடினால் பக்கக்காற்றில் பாய்மரமாகிவிடும். அதனால்தான் நடுவழியாக ஆழமான ரிம் வந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டீவ் ஹெட் ரிம்மின் வயிற்றை உப்பலாக்கி, பக்கக்காற்றிலும் சக்கரம் தடுமாறாதபடி வடிவமைத்தார். நண்பரின் 45 மி.மீ. அந்த வம்சம்தான்.

கார்பனின் பாதை இன்னும் வளைந்தது. எடிசன் தன் மின்விளக்கில் கரியாக்கிய ஜப்பானிய மூங்கில் இழையைப் போட்டார். 1958-இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் வலுவான கார்பன் இழையைக் கண்டார். சில வருடத்தில் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ செயற்கை நூலிலிருந்து அதை எடுக்கும் வழியைக் காட்டினார். 1971-இல் டோரே கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் மீன்பிடி தூண்டிலும் கோல்ஃப் மட்டையும் உண்டு. அங்கிருந்து சைக்கிளுக்கு வந்து, இன்று தைவானிலும் சீனாவின் சியாமென் நகரிலும் உலகத்துக்கே ரிம் வார்க்கிறார்கள். கார்பன் ரிம்மில் பிரேக் கட்டை உரசினால் பிசின் வெந்துபோகும். தெக்ராஞ்சின் பயம் வேறு உருவத்தில் திரும்பியது. பந்தயங்களில் டிஸ்க் பிரேக் 2018-இல் முழுதாக அனுமதிக்கப்பட்ட பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

இப்போது கொக்கி. 1890-இல் வெல்ச்சின் ரிம்முக்குக் கொக்கி கிடையாது. டயரில் காற்றழுத்தம் ஏறியதும் 1970-களில், பார்ட்லெட்டின் வளைந்த விளிம்பைப் போல, டயரைப் பிடிக்கக் கொக்கி வந்தது. இன்று கார்பனில் கொக்கி வார்ப்பது சிரமம், செலவு. அதனால் மறுபடியும் கொக்கி இல்லாத ரிம். அதில் காற்று 5 பாருக்கு மேல் போகக் கூடாது, தயாரிப்பாளர் அனுமதித்த டயரை மட்டுமே போட வேண்டும். நண்பரிடம் நான் இங்கேதான் அழுத்தமாகச் சொன்னேன்: பம்பை அடித்துக்கொண்டே பேசுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு, கொக்கி உள்ளதையே வாங்குங்கள்.

எடையைப் பற்றியும் கணக்குப் போட்டோம். அவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. புதுச் சக்கரத்தில் குறைவது 400 கிராம், அதாவது அரை சதவீதம். ஒரு மணி நேரத்தில் ஏற்காடு ஏறுகிறவருக்கு மிஞ்சுவது சுமார் 18 விநாடி. உள் அகலம் அதைவிட முக்கியம். 23 மி.மீ. ரிம்மில் 28, 30 மி.மீ. டயர் நன்றாக உட்காரும். கரடான சாலையில் கல்லாக இறுகிய ஒல்லி டயர் துள்ளித் துள்ளிச் சக்தியை வீணாக்கும், அகல டயர் குறைந்த காற்றில் பதிந்து ஓடும். ஆழத்தையும் 35-ஆகக் குறைத்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியக் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது 45-ஐப் பிடித்து ஓட்டுவது எல்லாராலும் ஆகாது. கம்பியை ரிம்மில் பிடித்து முறுக்கும் நிப்பிள் ரிம்முக்கு வெளியே இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். உள்ளே ஒளிந்திருந்தால் ஒரு கம்பியை முறுக்க டயரையே கழற்ற வேண்டும்.

சக்கரம் வந்தது. இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் பின்னால் மெல்லிய டிக் டிக் சத்தம். புதுக்கம்பிகள் அமர்ந்து கொஞ்சம் தளர்வது இயல்பு. தெருமுனை சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். கார்பன் ரிம்மை அந்தப் பெரியவர் முதல்முறையாகத் தொடுகிறார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கட்டைவிரல் நகத்தை ரிம் ஓரத்தில் வைத்து, சக்கரத்தைச் சுழற்றினார். ஒரு இடத்தில் நகம் உரசியது. பிறகு சக்கரத்தை நிறுத்தி, ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக்கொண்டே வந்தார். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதி. பதினோராவது மட்டும் இறங்கி ஒலித்தது.

"இது ஒண்ணுதான் தம்பி தொளதொளன்னு இருக்கு" என்றவர், சாவியை நிப்பிளில் மாட்டிக் கால் சுற்று திருப்பினார். திரும்பச் சுண்டினார். இன்னும் கொஞ்சம். அடுத்த கம்பியின் ஒலியோடு அது சேர்ந்ததும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.