பாம்பன்: மீண்ட பாலமும் மீளாத கப்பலும்

திருப்பதியில் புறப்பட்டுச் சித்தூர், காட்பாடி வழியாக இராமேசுவரம் போகும் ரயிலை நம் சங்கத்துக் குடும்பங்கள் நன்கறியும். நம்ம ஊர் வண்டி என்றே சொல்வோம். அது கடலைத் தாண்டும் வழியில் பாதி நமக்கு மறந்தே போயிற்று என்பது என் எண்ணம்.

இலங்கை வரைக்கும் பாலம் போடத்தான் ஆங்கில அரசு முதலில் ஆராய்ந்தது. செலவு மலைப்பாக இருக்கவே, பாம்பனில் பாலம், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று முடிவாயிற்று. 1914-இல் இரண்டும் தொடங்கின. சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு போகலாம். அதுதான் 'போட் மெயில்'.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாலமும் சிதைந்தது. இ.ஸ்ரீதரன் பொறுப்பில் பாலம் 46 நாளில் சீரானது. தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடி, இலங்கைப் போர்ச் சூழலில் 1980-களில் நின்றது.

பாலத்துக்கோ பணம் வந்துகொண்டே இருந்தது. 1988-இல் சாலைப் பாலம், 2007-இல் அகலப் பாதை. 2022 டிசம்பரில் ரயில்கள் மண்டபத்தோடு நின்றபோது பயணிகள் பஸ் பிடித்தார்கள். சுமார் 550 கோடி ரூபாயில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. தலைமன்னார்க் கப்பல் அன்றைக்கும் வரவில்லை.

ஏன் என்கிறீர்களா? பாலம் ஓர் அரசின் கணக்கில் முடிகிற செலவு. கப்பலுக்கு இரண்டு அரசுகளின் இசைவு வேண்டும், ஓடும் காலமெல்லாம் பணமும் வேண்டும். 2023-இல் தொடங்கிச் சில நாளில் நின்ற நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல், 2024-இல் மீண்டும் ஓடியதும் இந்திய அரசின் மானியத்தைப் பிடித்துக்கொண்டுதான். திறப்பு விழாவோடு முடியாத செலவை ஏற்கும் மனம் அரசுகளுக்கு வரும்போதுதான், 1914-இல் போட்ட வழி முழுதாகும்.