நாய்களின் மூக்குக் கட்டிகள்

நாயின் மூக்கறையில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே. நடுவயது கடந்த நாய்களையே இவை மிகுதியும் பாதிக்கின்றன. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மூக்கின் உட்படலத்தில் எழும் கார்சினோமா. எஞ்சியவற்றில் குருத்தெலும்பில் எழும் சார்க்கோமா குறிப்பிடத்தக்கது. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குத் தாமதமாகவே பரவினாலும், சுற்றியுள்ள எலும்பை இவை அரித்துவிடும்.

ஒரு நாசியில் மட்டும் ரத்தமோ சளியோ வடிவது, ஓயாத தும்மல், குறட்டை போன்ற மூச்சு ஆகியவை தொடக்க அறிகுறிகள். முகவீக்கமும் கண் பிதுங்கலும் பின்னால் வரும். ஆன்டிபயாடிக் கொடுத்ததும் சில நாள் குறைந்து மீண்டும் வடிவதால், சளித்தொற்று என்றே நம்பி மாதங்கள் வீணாவது வருத்தத்துக்குரியது. சிறு கண்ணாடியை மூக்கின் முன் பிடித்தால், அடைபட்ட நாசியின் பக்கம் ஆவி படியாது.

இந்தியாவில் நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா நோயையும் கருத வேண்டும். அதில் ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. பூஞ்சைத் தொற்று, மேல்தாடைப் பல்வேரில் சீழ், மூக்கில் சிக்கிய புல்முள் ஆகியவையும் இதே தோற்றம் தரும். ஆகவே ரத்தப் பரிசோதனை முதலில். கட்டியின் எல்லையைச் சி.டி. ஸ்கேன் காட்டும், அதன் வகையைப் பயாப்ஸியே உறுதிசெய்யும். மூக்கு நுனியிலிருந்து கண்ணின் உள்முனை வரை அளந்து, அந்த நீளத்தைக் கருவியில் குறித்துக்கொண்டே திசு எடுக்கிறார்கள். அதைத் தாண்டினால் மூக்கிலிருந்து மூளையைப் பிரிக்கும் மெல்லிய சல்லடை எலும்பு துளைபடலாம்.

கார்சினோமாவுக்கு அறுவை மட்டும் போதாது; கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. அதைப் பெற்ற நாய்கள் பல ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்கின்றன. சிகிச்சை பெறாத 139 நாய்களை ஆராய்ந்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இடைநிலை வாழ்நாள் 95 நாள்தான்.

தெருநாய்கள் மிகுந்த ஊர்களில் பயாப்ஸி முடிவு இன்னொரு விதமாகவும் வரலாம். இனச்சேர்க்கையால் பரவும் தொற்றுக்கட்டி, பாதிக்கப்பட்ட நாயின் பிறப்புறுப்பை முகர்வதாலும் நக்குவதாலும் மூக்குக்குள்ளும் குடியேறும். இதில் ஒட்டிப் பரவுவது கிருமி அன்று, புற்றுச் செல்லேதான். பார்வைக்குக் கொடியதாயினும் இது பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். மருந்து வின்கிறிஸ்டின், நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படுவது. வாரம் ஒருமுறை, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் சிரையில் செலுத்துகிறார்கள். ஊசி நழுவி மருந்து வெளியே கசிந்தால் தசை வெந்துபோகும். வெள்ளணுக்களும் குறையக்கூடும் என்பதால் ஒவ்வொரு தவணைக்கு முன்பும் அவற்றை எண்ண வேண்டும். ஓரிரு ஊசியிலேயே ரத்தம் நின்றுவிடுவதுண்டு. அதை நம்பிப் பாதியில் நிறுத்தினால் எஞ்சிய செல்களிலிருந்து கட்டி மீண்டும் வளரும்.