வெள்ளை வேட்டியும் மட்கார்டும்

பிரெஞ்சில் மட்கார்டை 'கார்து பூ' என்பார்கள். கார்து என்றால் காவல், பூ என்றால் சேறு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு வகுப்பில் அந்தச் சொல் வந்த அன்று சிரிப்பை அடக்க முடியவில்லை. சேற்றுக்குப் போய் யாராவது பூ என்று பேர் வைப்பார்களா? ஆனால் மட்கார்டு விஷயத்தில் அந்த சனங்கள் பொல்லாத கெட்டிக்காரர்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நம் டவுணில் பிள்ளைகள் ஓட்டுகிற கியர் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். தடித்த டயர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், ஏகப்பட்ட பல்சக்கரம். மட்கார்டு மட்டும் கிடையாது. ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் ரத வீதியில் நின்று பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் இடுப்பிலிருந்து கழுத்து வரை நாமம் போட்ட மாதிரி ஒரு சேற்றுக் கோடு. சட்டை துவைக்கிற தாய்மாருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்தத் தகரம் எப்படி வந்தது? பழைய உயரச் சைக்கிளில் ஆள் பெரிய முன்சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பார். 1885-ல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்து இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவானது. ஆள் கீழே இறங்கி நடுவில் உட்கார்ந்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். ஓட்ட சுகமாயிற்று. ஆனால் ஈரத் தரையைத் தொட்ட டயர் தண்ணீரை எடுத்து வீசுகிற வீச்சுக்கு நடுவில் மனிதன் மாட்டிக்கொண்டான். பின்சக்கரத்துத் தண்ணீர் முதுகுக்கு, முன்சக்கரத்துத் தண்ணீர் காலுக்கும் செயினுக்கும். முழுநீள மட்கார்டு வேண்டியிருந்தது அதனால்தான்.

அந்த முழு மட்கார்டோடுதான் இங்கிலாந்துச் சைக்கிள் நம் நாட்டுக்கு வந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ராலே, பிலிப்ஸ் என்று பேர் பலவானாலும் உருவம் ஒன்றுதான். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், கறுப்பு மட்கார்டு, அதன் வாலில் ஒரு சாண் வெள்ளை. அந்த வெள்ளை அழகுக்கு அடித்ததல்ல. இருட்டில் பின்னால் வரும் வண்டிக்காரன் கண்ணில் படவேண்டும் என்று 1930களிலும், பிறகு யுத்த கால இருட்டடிப்பிலும் இங்கிலாந்தில் வற்புறுத்தியது. யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்தும் நம் ஊர்ச் சைக்கிளின் வால் வெள்ளையாகவே இருந்தது.

1949-ல் முருகப்பா குடும்பத்தார் பர்மிங்காம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். ஹெர்குலிஸ் அம்பத்தூரிலேயே தயாராகத் தொடங்கியது. வடக்கே ஆசன்சோலில் சென் ராலே, சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ. யாரும் மட்கார்டில் கைவைக்கவில்லை. வைத்திருந்தால் விற்றிருக்காது. வாங்கியவர்கள் யார்? வாத்தியார், தபால்காரர், பால்காரர், ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை, என்னைப் போன்ற குமாஸ்தா. உடுத்தியது பெரும்பாலும் வெள்ளை. மாற்றிக்கொள்ள ஆபீசில் இன்னொரு வேட்டியா வைத்திருந்தோம்?

1970களின் நடுவில் நான் இங்கே மாற்றலாகி வந்தேன். டவுணிலிருந்து கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குத் தினமும் சைக்கிள்தான். 1973-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் அப்போது புது மெருகோடு இருந்தது. அதைத் தாண்டி 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலம். கார்த்திகை மழையில் இரண்டு பாலத்தையும் கடந்து போய், பத்து மணிக்குக் கறையில்லாத வேட்டியோடு நாற்காலியில் உட்காருவோம் என்றால் அது அந்தக் கறுப்புத் தகரத்தின் புண்ணியம். மேலே குடை, கீழே மட்கார்டு. மழையில் குடையை மறந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. மட்கார்டை மறக்க வழியில்லை, அது வண்டியோடு பிறந்தது.

ஒரு சங்கடமும் அதில் இருந்தது. மட்கார்டு கம்பிகள் அச்சு நட்டிலேயே மாட்டியிருக்கும். பின்சக்கரத்தைக் கழற்றினால் கம்பி, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாம் ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் நம் கடைக்காரர்கள் பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. டயரின் ஒரு ஓரத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து, வாளித் தண்ணீரில் முக்கி, அங்கேயே ஒட்டி உள்ளே தள்ளுவார்கள். வெளிநாட்டில் கற்றுக்கொண்ட யாரும் இதைப் பார்த்தால் வாய்பிளப்பார்கள்.

பிறகு ஏன் மட்கார்டு போயிற்று? பந்தயச் சைக்கிளில் அது என்றுமே இல்லை, எடை என்று கழற்றிவிடுவார்கள். 1970களில் கலிபோர்னியா மலைச் சரிவுகளில் பிறந்த முரட்டுச் சைக்கிளிலும் இல்லை. பட்டன் பட்டனாக மேடுள்ள டயரில் அப்பும் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு இது புரியும். அந்த மலைக்கு அது சரி. பேட்டை ரோட்டுக்கும் ஜங்ஷனுக்கும் எதற்கு? அந்த உருவம் படமாக இங்கே வந்தது, காரணம் அங்கேயே தங்கிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்களிடம் வருகிறேன். 1930களில் அங்கே சைக்கிளில் நெடும் பயணம் போகிறவர்களுக்காகப் போட்டிகள் நடத்தினார்கள். ஆளுக்கு அல்ல, வண்டிக்குப் பரிசு. விளக்கு, மட்கார்டு எல்லாம் இருக்கவேண்டும், ஆனாலும் எடை குறைவாக, மலைப்பாதையில் உதிராமல் வரவேண்டும். ரெனே எர்ஸ், அலெக்ஸ் சங்கெர் போன்ற பாரிஸ் பட்டறைக்காரர்கள் மெல்லிய அலுமினிய மட்கார்டைச் சக்கரத்தின் வளைவோடு ஒட்டினாற்போல் பொருத்திக் காட்டினார்கள். வேகமும் மட்கார்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்று அப்போதே தீர்ந்துபோன வழக்கு அது.

இங்கே ஒரு வேடிக்கை. 2001-ல் தொடங்கி நம் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவரும் இலவச சைக்கிளில் மட்கார்டு உண்டு, கேரியர் உண்டு, முன்னால் கூடையும் உண்டு. அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய பிள்ளை முதுகில் சேற்றோடு வருகிறான்.

டிஸ்க் பிரேக் வண்டிக்கு மட்கார்டு போட முடியாது என்று சில கடைகளில் சொல்வார்கள். "சார், டிஸ்க் இடிக்குமுல்லா" என்று ஒருவர் என்னிடமும் சொன்னார். இடிப்பது உண்மைதான். ஆனால் டிஸ்க் பிரேக் மட்கார்டுக்கு நல்லதும் செய்திருக்கிறது. டயருக்கு மேலே பிரேக் இல்லாததால் அந்த இடம் காலியாகிவிட்டது. சிக்கல் கீழே, இடப்பக்கம். பிரேக் கவ்வுகிற பெட்டி மட்கார்டு கம்பி இறங்கவேண்டிய வழியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் நீள போல்ட் போட்டு, ஒரு சிறு குழாய்த் துண்டையோ நாலைந்து வாஷரையோ கோத்துக் கம்பியை வெளியே தள்ளினால் போதும், அல்லது கம்பியையே பெட்டியைச் சுற்றி வளைத்துக்கொள்ளலாம். போல்ட்டின் முனை உள்பக்கம் நீண்டு டிஸ்க் தட்டை உரசக்கூடாது. தட்டில் எண்ணெய்க் கை படவே கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது.

மட்கார்டு டயரைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக, உள்ளே சுண்டுவிரல் நுழையும் இடைவெளியோடு இருக்கட்டும். முன்னதன் வால் பெடல் மட்டத்துக்கு இறங்கவேண்டும், கடையில் கிடைப்பது அநேகமாக அதற்கு முன்பே நின்றுவிடும். என் பேரன் வண்டிக்குப் பழைய டியூபில் உள்ளங்கை அகலம் வெட்டி, அந்த வாலில் இரண்டு நட்டு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, காலின் பெருவிரல் மட்கார்டில் தட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் விட்டோம்.