மணப்பாடு கடற்கரையில் திமிங்கலங்கள் கரையொதுங்கலும் மீனவர்களின் மீட்புப் பணியும்

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாக் கடற்கரையில், 2016 சனவரியில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கூட்டமாகக் கரையொதுங்கின. அவற்றைக் காப்பாற்ற முதலில் கடலில் இறங்கியவர்கள் அப்பகுதி மீனவர்களே. 43 ஆண்டுகளுக்கு முன்பும் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள இக்கடற்கரையில் இதே இனத் திமிங்கலங்கள் கரையொதுங்கியிருந்தன. கடல்வாழ் உயிரினங்களை மீட்பதில் ஊர் மக்களின் பங்கையும், அப்பணிக்குத் தேவையான பயிற்சியையும் இந்நிகழ்வுகள் எடுத்துக்காட்டுகின்றன.

திமிங்கலத்தின் இயல்பு

இரண்டு முறையும் கரையொதுங்கியவை குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலங்கள். பெயரில் திமிங்கலம் என்றிருந்தாலும் இவை ஓங்கில் எனப்படும் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வளர்ந்த ஆண் 7 மீட்டர் நீளம் வரை இருக்கும். எடை டன் கணக்கில் வரும். தாய்வழி உறவால் பிணைந்த கூட்டமாக இவை வாழ்கின்றன. மீன்களைப் போலன்றி நுரையீரலால் சுவாசிப்பதால், கரைக்கு வந்தவுடன் மூச்சுத்திணறி இறப்பதில்லை. ஆனால் நீரின் தாங்குதல் இல்லாததால் உடலின் எடையே உள்ளுறுப்புகளை நசுக்கத் தொடங்கும். வெயிலில் தோல் உலர்ந்து வெடிக்கும். உடல் வெப்பம் கூடும். எனவே மீட்புக்குக் கிடைக்கும் நேரம் சில மணி நேரமே.

1973 நிகழ்வு

1973 சனவரி 14 அன்று 147 திமிங்கலங்கள் கரையொதுங்கின. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர் கே. அழகர்சாமி உள்ளிட்டோர் இதனை ஆய்வுக் கட்டுரையாகப் பதிவு செய்தனர். 2016இல் அதே நிலை ஏற்பட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்க உதவியது இப்பதிவே.

2016 நிகழ்வு

2016 சனவரி 11 மாலை ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு ஆகிய ஊர்களின் கரைகளில் திமிங்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தரைதட்டின. மீனவர்கள் கைகளால் தள்ளியும் படகுகளில் கட்டி இழுத்தும் அவற்றைக் கடலுக்குள் கொண்டு சென்றனர். வனத்துறை, மீன்வளத்துறை, மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றின் அலுவலர்களும் பணியில் சேர்ந்தனர். கரையொதுங்கிய 81 திமிங்கலங்களில் 36 மீண்டும் கடலில் விடப்பட்டன, 45 இறந்தன. இறந்தவை கடற்கரையிலேயே பெரிய குழிகள் தோண்டிப் புதைக்கப்பட்டன.

மீட்பவர்களைச் சோர்வுறச் செய்தது வேறொன்று. கடலுக்குள் விடப்பட்டவற்றில் சில மீண்டும் கரைக்கே திரும்பி வந்தன.

திரும்பி வருவது ஏன்?

கூட்டத்தில் ஒன்று நோயுற்றோ வழிதவறியோ ஆழமற்ற நீருக்கு வந்தால், மற்றவை அதனைக் கைவிடாமல் பின்தொடர்கின்றன. கரையில் கிடப்பவை எழுப்பும் ஒலி, கடலில் விடப்பட்டவற்றை மீண்டும் அழைக்கிறது எனக் கருதப்படுகிறது. இவை ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் வழி அறிபவை. மெல்லச் சரியும் மணற்கரையில் எதிரொலி தெளிவாகக் கிடைப்பதில்லை என்பது மற்றொரு விளக்கம். ஆகவே ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவதைவிட, இயன்றவரை கூட்டமாகச் சேர்த்து ஆழ்கடல் நோக்கிச் செலுத்துவதே பயன் தரும்.

நியூசிலாந்தின் ஃபேர்வெல் ஸ்பிட் பகுதியில் 2017 பிப்ரவரியில் நானூறுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையொதுங்கியபோது, தன்னார்வலர்கள் நீரில் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று, அவை மீண்டும் கரைக்கு வராமல் தடுக்க முயன்றனர்.

பாணந்துறை அனுபவம்

இலங்கையில் கொழும்புக்குத் தெற்கே உள்ள பாணந்துறையில் 2020 நவம்பர் 2 அன்று ஏறத்தாழ 120 பைலட் திமிங்கலங்கள் கரையொதுங்கின. கொரோனா ஊரடங்குக் காலமாக இருந்தும் ஊர் மக்களும் கடற்படையினரும் கடலோரக் காவல் படையினரும் இரவு முழுவதும் உழைத்தனர். சிறு விசைப்படகுகளும் நீர் ஸ்கூட்டர்களும் பயன்பட்டன. சில மட்டுமே இறந்தன. பெரும்பாலானவை விடியலுக்குள் ஆழ்கடல் சேர்க்கப்பட்டன.

மீட்பில் கவனிக்க வேண்டியவை

இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 சனவரியில், கரையொதுங்கும் பெரிய கடல் உயிரினங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மீட்பில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் முறைகளுள் முதன்மையானவை:

- உடனே வனத்துறைக்குத் தெரிவித்தல்.
- விலங்கை வயிறு தரையில் படும்படி நேராக நிறுத்துதல்.
- ஈரத்துணியால் போர்த்துதல். தலையின் மேலுள்ள மூச்சுத்துளையை மூடாமலும், அதில் நீரும் மணலும் புகாமலும் காத்தல்.
- வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்காமல், விரிப்பில் ஏந்தி நகர்த்துதல்.
- வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் இரைச்சலையும் விலக்கி வைத்தல்.

வாலில் கயிறு கட்டி இழுப்பது எளிய வழியாகத் தோன்றினாலும், முதுகெலும்பையும் மூட்டுகளையும் அது சேதப்படுத்தலாம். மூச்சுத்துளையில் நீர் புகவும் கூடும். அவ்வாறு கடலில் விடப்படும் விலங்கு பிழைத்ததாகக் கணக்கில் சேர்ந்தாலும், பின்னர் இறந்துபோகலாம்.

மீனவரின் பங்கு

திமிங்கலங்கள் திடீரெனக் கரையொதுங்கும்போது, அரசு வாகனம் வந்துசேரும் முன் கடற்கரையில் நிற்பவர்கள் மீனவர்களே. நீரோட்டமும் காற்றின் திசையும் அலையின் போக்கும் அறிந்தவர்கள் அவர்கள். படகும் கயிறும் அவர்களிடமே உள்ளன. 2016இல் மனமும் உழைப்பும் குறைவாக இல்லை. அந்த உழைப்போடு முறையான பயிற்சியும், விரிப்பு போன்ற எளிய கருவிகளும், உடனே அழைக்கத்தக்க கால்நடை மருத்துவரும் ஒவ்வொரு கடலோர ஊருக்கும் கிடைக்குமானால், அடுத்த முறை புதைகுழிகளின் எண்ணிக்கை குறையும்.