செவ்ரோலெட் கோர்வேர்

செவ்ரோலெட் கோர்வேர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த செவ்ரோலெட் பிரிவு, 1960 முதல் 1969 வரையான மாதிரி ஆண்டுகளில் தயாரித்த ஒரு சிறிய வகை மகிழுந்து ஆகும். காற்றினால் குளிர்விக்கப்படும் எஞ்சினைப் பின்புறத்தில் கொண்டு, பெருமளவில் தயாரிக்கப்பட்ட ஒரே அமெரிக்க மகிழுந்து இதுவாகும். பத்து மாதிரி ஆண்டுகளில் ஏறத்தாழ 18 இலட்சம் வண்டிகள் தயாரிக்கப்பட்டன. இதன் பின்சக்கர அமைப்பைப் பற்றி எழுந்த சர்ச்சை, அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் உருவாவதற்கான காரணங்களுள் ஒன்றாக அமைந்தது. இன்று இது பழைய மகிழுந்து ஆர்வலர்களால் விரும்பிச் சேகரிக்கப்படுகின்றது.

பின்னணி

1950களில் அமெரிக்க மகிழுந்துகள் ஆண்டுதோறும் நீளமாகவும் எடை மிகுந்தனவாகவும் ஆகிவந்தன. அதே காலத்தில் செருமனியிலிருந்து இறக்குமதியான ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற சிறிய வண்டிகளின் விற்பனை வளர்ந்தது. இதற்கு மறுமொழியாக, அப்போது செவ்ரோலெட் பிரிவின் தலைவராக இருந்த பொறியியலாளர் எட் கோல் கோர்வேர் திட்டத்தை முன்னெடுத்தார். 1959 அக்டோபர் 2 அன்று இது விற்பனைக்கு வந்தது. அதே பருவத்தில் வெளிவந்த ஃபோர்டு ஃபால்கன், பிளிமத் வேலியன்ட் ஆகியவை முன்புற எஞ்சின் கொண்ட வழக்கமான வண்டிகள். கோர்வேர் மட்டுமே வேறு வழியில் சென்றது. மோட்டார் டிரெண்ட் இதழ் 1960ஆம் ஆண்டின் சிறந்த மகிழுந்தாக இதனைத் தேர்ந்தெடுத்தது.

கோர்வெட், பெல் ஏர் என்னும் இரு செவ்ரோலெட் வண்டிகளின் பெயர்களை இணைத்து உருவாக்கப்பட்ட பெயரே கோர்வேர். 1954இல் காட்சிக்கு வைக்கப்பட்ட ஒரு சோதனை வண்டிக்கு இப்பெயர் முதலில் இடப்பட்டது.

வடிவமைப்பு

கோர்வேரின் எஞ்சின், பக்கத்துக்கு மூன்றாக எதிரெதிரே படுத்த நிலையில் அமைந்த ஆறு சிலிண்டர்களைக் கொண்டது. பெரும்பகுதி அலுமினியத்தால் ஆனது. தொடக்கத்தில் 2.3 லிட்டர் கொள்ளளவும் 80 குதிரைத்திறனும் கொண்டிருந்தது. கொள்ளளவு 1961இல் 2.4 லிட்டராகவும், 1964இல் 2.7 லிட்டராகவும் உயர்த்தப்பட்டது.

நீர் இல்லாததால் ரேடியேட்டரும் இல்லை. எஞ்சினின் மேற்புறத்தில் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் ஒரு விசிறி, காற்றைச் சிலிண்டர்களின் மீது செலுத்துகிறது. எஞ்சினின் சுழல்தண்டு கிடையாகவும் விசிறியின் அச்சு செங்குத்தாகவும் இருப்பதால், இரண்டையும் இணைக்கும் பெல்ட் தன் பாதையில் 90 பாகை திரும்ப வேண்டியுள்ளது. இந்த பெல்ட் அறுந்தால் குளிர்விப்பு உடனே நின்றுவிடும்.

எஞ்சினும் கியர்பெட்டியும் பின்புறத்திலேயே இருப்பதால் வண்டியின் நடுவே நீண்ட புரொப்பெல்லர் தண்டு தேவைப்படவில்லை. எனவே தரை ஏறத்தாழச் சமதளமாக அமைந்தது. பொருள் வைக்கும் இடம் முன்புறத்தில் உள்ளது. முன்சக்கரங்களின் மீது எடை குறைவாக இருப்பதால் பவர் ஸ்டீயரிங் இல்லாமலே எளிதாகத் திருப்ப முடிந்தது. ஆனால், மொத்த எடையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் பின்சக்கரங்களின் மீது விழுந்தது.

வகைகள்

நான்கு கதவு மகிழுந்தாகத் தொடங்கிய கோர்வேர், 1960இலேயே இரண்டு கதவு கூபே வடிவிலும் வந்தது. தனித்தனி முன்னிருக்கைகளும் உயர்தர உள்ளலங்காரமும் கொண்ட மோன்சா என்னும் வகை பெரும் வரவேற்பைப் பெற்றது. 1961இல் லேக்வுட் என்னும் ஸ்டேஷன் வேகன், கிரீன்பிரையர் என்னும் வேன், பக்கவாட்டில் சாய்தளமாகத் திறக்கும் கதவுடைய ராம்ப்சைடு என்னும் சிறு சரக்கு வண்டி ஆகியவை வெளிவந்தன. 1962இல் மடக்குக் கூரை வகையும், 150 குதிரைத்திறன் கொண்ட டர்போசார்ஜர் பொருத்திய ஸ்பைடர் வகையும் அறிமுகமாயின. அதே ஆண்டில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயருடன், டர்போசார்ஜர் பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் மகிழுந்துகளுள் ஒன்றாக இது விளங்குகிறது. 1965இல் புதிய உடற்கட்டுடன் இரண்டாம் தலைமுறை வெளிவந்தது.

பின்சக்கர அமைப்பும் சர்ச்சையும்

1960 முதல் 1964 வரையான வண்டிகளில் ஊசல் அச்சு என்னும் பின் சஸ்பென்ஷன் பயன்படுத்தப்பட்டது. இதில் ஒவ்வொரு பின்சக்கரத்தின் தண்டும் உள்முனையில் மட்டுமே வளையக்கூடிய இணைப்பைக் கொண்டிருக்கும். சக்கரம் மேலும் கீழும் அசையும்போது அதன் சாய்வும் மாறும். கடுமையான வளைவில் வேகமாகத் திரும்பினால், வண்டியின் பின்பகுதி மேலெழும்ப, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கலாம். அப்போது டயரின் பிடிப்பு திடீரெனக் குறைந்து பின்பகுதி வழுக்கிச் செல்லும்.

இதனைத் தவிர்க்க, முன்டயர்களில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, பின்டயர்களில் 26 பவுண்டு எனக் காற்றழுத்தத்தைப் பெரிதும் வேறுபடுத்தி வைக்குமாறு நிறுவனம் பரிந்துரைத்தது. முன்டயர்களின் பிடிப்பை வேண்டுமென்றே குறைத்தால், பின்பகுதி முதலில் வழுக்காது என்பதே இதன் அடிப்படை. வழக்கமான அமெரிக்க வண்டிகளில் இத்தகைய வேறுபாடு இல்லாததால், நான்கு டயர்களிலும் ஒரே அளவு காற்று நிரப்பினால் வண்டியின் நடத்தை மாறிவிடும் என்பதைப் பல ஓட்டுநர்கள் அறிந்திருக்கவில்லை. 1964இல் முன்புறத்தில் சாய்வுத் தடுப்புத் தண்டும், பின்புறத்தில் குறுக்குப் பட்டைவில்லும் எல்லா மகிழுந்துகளிலும் சேர்க்கப்பட்டன. 1965இல் ஊசல் அச்சு முழுவதும் கைவிடப்பட்டது. தண்டின் இரு முனைகளிலும் இணைப்புக் கொண்ட அமைப்பு வந்தது.

1965 நவம்பரில் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் வாகனப் பாதுகாப்புக் குறித்து எழுதிய நூலின் முதல் இயல், கோர்வேரைப் பற்றியதாகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனியார் துப்பறிவாளர்களைக் கொண்டு நேடரைக் கண்காணித்தது வெளிப்பட்டபோது, அதன் தலைவர் ஜேம்ஸ் ரோச் 1966 மார்ச்சில் செனட் துணைக்குழுவின் முன் மன்னிப்புக் கோரினார். அந்த ஆண்டு செப்டம்பரில் தேசியப் போக்குவரத்து, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. நேடர் தொடுத்த வழக்கை நிறுவனம் 1970இல் 4,25,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

1972இல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம், 1960–63 கோர்வேரை ஃபால்கன், வேலியன்ட், பீட்டில், ரெனோ டோஃபின் ஆகியவற்றுடன் ஒப்பிட்டுச் சோதித்த அறிக்கையை வெளியிட்டது. கட்டுப்பாடு இழப்பதற்கோ கவிழ்வதற்கோ கோர்வேரில் இயல்புக்கு மீறிய வாய்ப்பு இல்லை என்பது அதன் முடிவு. நேடர் இந்த முடிவை ஏற்கவில்லை. அக்கால வண்டிகளோடு ஒப்பிடுவது ஒன்று, வண்டியின் பாதுகாப்பை உரிமையாளர் டயர் காற்றைச் சரிபார்ப்பதை நம்பி விடலாமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு ஒப்பீட்டுச் சோதனை விடை தருவதில்லை.

உற்பத்தி நிறுத்தம்

நேடரின் நூலே கோர்வேரை அழித்தது என்று பரவலாகக் கூறப்படுவதுண்டு. எனினும் 1964இல் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங்கின் போட்டியும் முக்கியக் காரணமாகும். நூல் வெளிவருவதற்கு முன்பே, 1965 ஏப்ரலில், கோர்வேரின் மேம்பாட்டுப் பணிகளை நிறுத்த நிறுவனம் முடிவு செய்திருந்தது. 1965இல் இரண்டு இலட்சத்துக்கும் மேல் இருந்த உற்பத்தி, 1966இல் ஏறத்தாழ ஒரு இலட்சமாகவும், 1969இல் ஏறத்தாழ 6,000 ஆகவும் வீழ்ந்தது. 1969 மே 14 அன்று மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன் ஆலையில் கடைசி வண்டி தயாரானது.

பாதுகாக்கப்பட்ட வண்டிகளும் விற்பனையும்

அமெரிக்க கோர்வேர் சங்கம் 1969 முதல் இயங்கிவருகிறது. உதிரி பாகங்கள் பலவும் இன்றும் புதிதாகத் தயாரிக்கப்படுவதால், நல்ல நிலையிலுள்ள வண்டிகள் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. நான்கு கதவு வகைகளை விட மடக்குக் கூரை, டர்போ வகைகள் கூடுதல் விலை பெறுகின்றன. இத்தகைய வண்டியை மதிப்பிடும்போது பின்வருவன கவனிக்கப்படுகின்றன:

* துரு: உடற்கட்டே சட்டமாகவும் அமைந்திருப்பதால், தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழுள்ள விளிம்பு, முன்கண்ணாடியின் அடிப்பகுதி ஆகியவற்றில் உள்ள துரு வண்டியின் வலிமையையே பாதிக்கும்.
* எண்ணெய்க் கசிவு: புஷ்ராடு குழாய்களின் ரப்பர் வளையங்கள் வெப்பத்தால் இறுகிக் கசியும். எஞ்சினைச் சுற்றிவரும் காற்றே உள்ளறையைச் சூடாக்கப் பயன்படுவதால், கசிவின் புகை பயணிகளை அடையக்கூடும்.
* ஓடிய தொலைவு: தொலைவுமானி ஐந்து இலக்கங்களே கொண்டது. 99,999 மைல்களுக்குப் பின் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். எனவே குறைந்த மைல் எண்ணிக்கை மட்டும் சான்றாகாது.
* பிரேக்: 1966 வரையான வண்டிகளில் ஒரே நீர்ம இணைப்பு உள்ளது, ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் செயலிழக்கும். 1967 முதல் இரட்டை இணைப்பு உண்டு.
* டயர்: ஊசல் அச்சு வண்டிகளில் முன், பின் காற்றழுத்த வேறுபாடு இன்றும் கடைப்பிடிக்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஃபோக்ஸ்வாகன் பீட்டில்
* ரால்ஃப் நேடர்
* டர்போசார்ஜர்