பணயம்: யாருடைய பொருளை யார் வைப்பது?

 

"உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்" என்று பாராட்டுகிறோம். செய்தியிலே "பணயக்கைதி" என்று வாசிக்கிறோம். இந்தப் 'பணயம்' எங்கேயிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? சூதாட்டப் பலகையிலிருந்துதான்.

சமஸ்கிருதத்தில் 'பண' என்றால் சூதிலே வைக்கும் பொருள். ஒரு பழைய நாணயத்துக்கும் அதே பெயர். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் தண்டங்களை அந்த நாணயத்தில்தான் கணக்கிடுகிறது. சூதாட்டத்தை மேற்பார்வை செய்ய ஓர் அதிகாரியை வைத்து, வென்ற தொகையில் 5 வீதம் அறவிடவும் சொல்கிறது. நாங்கள் அன்றாடம் எண்ணுகிற 'பணம்' என்ற சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததுதான்.

மலையாளத்தில் இன்றைக்கும் 'பணயம்' என்றால் அடகு. கேரளத்து அடகுக் கடைப் பலகைகளில் இதைக் காணலாம். தமிழிலும் ஈடு என்ற பொருள் இதற்கு உண்டு. ஆனால் அடகு வைத்த நகையைக் காசு கட்டி மீட்கலாம். சூதில் வைத்த பொருள் காய் உருண்டதும் போய்விடும்.

மகாபாரதத்தில் தருமன் செல்வத்தை வைத்தான், நாட்டை வைத்தான், தம்பிமாரை வைத்தான், தன்னையும் வைத்தான். கடைசியில் பாஞ்சாலியை வைத்தான். அவள் கேட்ட கேள்வி இதுதான்: அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே இழந்தவருக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க என்ன உரிமை? சபையில் இருந்த பெரியவர்களால் நேரான பதில் சொல்ல முடியவில்லை. பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்டபோதும் அந்தக் கேள்வி பழசாகியிருக்கவில்லை.

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் 'சூது'. அல்குர்ஆன் (5:90) சூதாட்டத்தை மதுவோடு சேர்த்துத் தடுக்கிறது. இரண்டு வீட்டிலும் ஒரே எச்சரிக்கைதான்.

இன்று அந்தப் பலகை கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. கிரிக்கெட் போட்டி தொடங்கினால் பந்தயமும் தொடங்குகிறது. விளையாடுவது ஒருவர். போவது தாயின் காப்பும் தங்கச்சியின் ரியூசன் காசும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

தன் உயிரைப் பணயம் வைத்து இன்னொருவரைக் காப்பாற்றுபவரைப் போற்றுவோம். அடுத்தவரின் பொருளைப் பணயம் வைப்பவருக்கு அந்தப் பெருமை இல்லை. பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைப் படிப்பிக்கும்போது, "வைத்தது யாருடையது?" என்ற கேள்வியையும் சேர்த்துப் படிப்பிப்போம்.