ஆசீவகம்: எதிரிகளின் ஏடுகளில் பிழைத்த சமயம்

பீகாரில், கயாவுக்கு வடக்கே இருக்கின்றன பராபர் குன்றுகள். அங்கே கருங்கல்லைக் குடைந்து அறைகளாக்கி, உட்சுவரை முகம் தெரியும்படி இழைத்திருக்கிறார்கள். 2,200 ஆண்டுகளுக்குப் பிறகும் மெருகு மங்கவில்லை. இவற்றில் இரண்டு குகைகளைத் தம் ஆட்சியின் 12-ஆம் ஆண்டில் ஆசீவகத் துறவிகளுக்குக் கொடுத்ததாக அசோகர் பிராமி எழுத்தில் வெட்டிவைத்தார். அவர் பேரர் தசரதர் பக்கத்து நாகார்ஜுனிக் குன்றில் மேலும் 3 குகைகள் கொடுத்தார். பிற்காலத்தில் யாரோ உளியெடுத்து, சில கல்வெட்டுகளில் ஆசீவகர் என்ற பெயரைக் குறிவைத்துக் கொத்தியிருக்கிறார்கள். அப்படியும் எழுத்து படிக்கக் கிடைக்கிறது.

அந்தச் சமயத்தின் தலைவர் மக்கலி கோசாலர். நம் நூல்கள் மற்கலி என்கின்றன. புத்தர், மகாவீரர் காலத்தவர். ஆசீவகர் எழுதிய நூல் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. கோசாலரைப் பற்றித் தெரிவதெல்லாம் அவரை எதிர்த்தவர்கள் எழுதியதுதான். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர் என்றது சமணரின் பகவதி சூத்திரம். எண்ணெய்க் குடத்தைக் கொட்டிவிட்டு எஜமானுக்குப் பயந்து ஓடிய அடிமை என்றார் பௌத்த உரைகாரர் புத்தகோசர்.

பகவதி சூத்திரம் சொல்லும் எள்செடிக் கதையைப் பாருங்கள். கோசாலர் 6 ஆண்டுகள் மகாவீரருடன் சுற்றியவர். வழியில் ஓர் எள்செடி. இது பிழைக்குமா என்று கேட்கிறார். பிழைக்கும், ஒரே காயில் 7 எள் விளையும் என்கிறார் மகாவீரர். அதைப் பொய்யாக்க, கோசாலர் செடியைப் பிடுங்கி எறிகிறார். மழை பெய்கிறது, செடி மறுபடி வேர் பிடிக்கிறது. திரும்பி வரும்போது காயைப் பிளந்து எண்ணினால் சரியாக 7 எள்.

அவரை மட்டம் தட்டச் சொன்ன கதை இது. ஆனால் அவருடைய கொள்கையின் கரு இதற்குள்ளேயே இருக்கிறது: நடக்க வேண்டியது நடந்தே தீரும், மனித முயற்சி அதை மாற்றாது. இதுதான் நியதிக் கோட்பாடு. எறிந்த நூலுண்டை நூல் தீரும்வரை பிரிந்துகொண்டே ஓடும். அதுபோல மூடனும் ஞானியும் தத்தம் பிறவிகளைக் கடந்தே துன்பம் தீர்வார்கள் என்று அவர் போதித்ததாகப் பௌத்த நூல் பதிவு செய்கிறது. சிராவஸ்தியில் ஆலாகலை என்ற குயவப் பெண்ணின் பட்டறைதான் அவருக்கு இருப்பிடம். அரண்மனையை அண்டாமல் மண் பிசையும் இடத்தில் ஒரு சமயத்தை வளர்த்தார்.

வடக்கே மங்கிய அந்தச் சமயம் தமிழகத்தில் நெடுங்காலம் உயிரோடு இருந்தது. கண்ணகியின் தந்தை மாநாய்கன், மகள் பட்ட துயரம் கேட்டு ஆசீவகர் முன் தானம் செய்து அறநெறி பூண்டதைச் சிலப்பதிகாரத்தின் நீர்ப்படைக் காதை சொல்கிறது. மணிமேகலையில் வஞ்சி நகரத்து ஆசீவகர், உயிரும் நால்வகை அணுக்களும் சேர்ந்தே உலகம் என்று விளக்குகிறார். நீலகேசி என்ற நூல் இக்கொள்கையை வாதிட்டு மறுக்கிறது. 13-ஆம் நூற்றாண்டிலும் சிவஞான சித்தியார் மறுக்கிறது. செத்த கொள்கையை யாரும் இவ்வளவு மெனக்கெட்டு மறுப்பதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'ஆசுவக் கடமை', ஆசீவகர்மீது விதித்த வரி என்று 1951-இல் இச்சமயம் பற்றித் தனி நூல் எழுதிய ஏ.எல்.பாஷம் விளக்கினார்.

ஒரு சமயத்தை அதன் எதிரிகளின் வாக்குமூலத்தை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமல்ல. ஆனால் ஆசீவகக் கொள்கைக்கு வேறு நூற்சாட்சி இல்லை. ஆகவே வசையை ஒதுக்கி, வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மணிமேகலையின் 27-ஆம் காதையை ஒருமுறை அப்படிப் படித்துப் பாருங்கள். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வாயாலேயே பேசவிட்ட நூலாசிரியர் சாத்தனாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

(தொடரும்)